கத்தரி மேடம் அழைத்து வந்தவர்

“நீங்க தயார் பண்ணி வெச்சிருக்கிற ஆள் வேண்டாம் சார். நான் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். உங்க பிள்ளைங்க அவர்கிட்ட பேசட்டும்” என்றார் அதிகாரி.

பேராசிரியர் தயாராக நின்ற நாடக நடிகரைத் திருப்பி அனுப்பினார்.

சுகாதாரத் துறையில் அந்த அம்மாவுக்குக் கத்தரி மேடம் என்று பெயர். அவர் வந்து பார்த்துவிட்டுப் போன திட்டங்களில் பாதி, அடுத்த வருடம் வெட்டுப்பட்டிருக்கும். செவிலியர் கல்லூரியில் பேராசிரியர் நடத்திவந்த பயிற்சியோ அரசு நிதியை மட்டுமே நம்பி ஓடிக்கொண்டிருந்தது. வேறு மொழி, வேறு மதம், வேறு பழக்கவழக்கம் கொண்ட நோயாளிகளிடம் அவர்கள் மனம் கோணாமல் பேசுவது எப்படி என்று சொல்லித்தரும் பயிற்சி. நாடக நடிகர்கள் நோயாளியாக வந்து உட்காருவார்கள். மாணவர்கள் பேசிப் பழகுவார்கள். “கட்டிலே பத்தாத ஆஸ்பத்திரியில, பேசக் கத்துக்க ஒரு திட்டமா?” என்று போன வருடக் கூட்டத்திலேயே மேடம் கேட்டிருந்தார்.

மேடத்தோடு வந்திருந்த பெரியவர், தேய்த்த சட்டையும் வற்றிய முகமுமாக பயிற்சி அறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அடுத்த அறையில், நடுவில் இருந்த கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், மேடமும் பேராசிரியரும். பேச்சைக் கேட்க ஒரு ஸ்பீக்கர். முறைப்படி அடுத்துப் பேச வேண்டியவள், வகுப்பே வாயாடி என்று கூப்பிடும் மாணவி. பேராசிரியர் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டார்.

கண்ணாடிக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று வாயாடி முதலிலேயே பெரியவரிடம் சொல்லிவிட்டாள். பிறகு உடம்பைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான்.

“நல்லாத்தாம்மா இருக்கேன்.”

ஒவ்வொரு முறையும் அவர் கண் கண்ணாடிப் பக்கம் போய்த் திரும்பியது. வாயாடி பேச்சை நிறுத்தினாள். அவள் இவ்வளவு நேரம் வாய்மூடி இருந்து பேராசிரியர் பார்த்ததே இல்லை. பாடம் மறந்துவிட்டதோ என்று அவர் பயந்தார்.

“ஐயா, ஒரு பொண்ணுகிட்ட இதைப் பேச உங்களுக்குச் சங்கடமா இருக்கா?” என்று அவள் மெல்லக் கேட்டாள்.

பெரியவர் தலை குனிந்துகொண்டார். அவள் எழுந்துபோய்க் கண்ணாடியின் திரையை இழுத்து மூடினாள். மைக்கையும் அணைத்தாள்; ஸ்பீக்கர் அடங்கிப்போனது. வெளியே வந்து, தன் வகுப்புப் பையன் ஒருவனை உள்ளே அனுப்பிவிட்டு, வாசலில் காவலுக்கு நிற்பவள்போல நின்றுகொண்டாள்.

ஆய்வுக்கு வந்த அதிகாரியின் மூஞ்சியில் அடித்தாற்போல் திரையை மூடுவதா? தொலைந்தது நிதி என்று பேராசிரியர் முடிவே கட்டிவிட்டார். தடுமாறிக்கொண்டே மன்னிப்புக் கேட்டார். வேண்டுமானால் பழைய நடிகரையே வரவழைப்பதாகச் சொன்னார்.

“இருக்கட்டும்” என்றார் மேடம். மூடிய திரையைவிட்டு அவர் கண் நகரவில்லை. கொண்டுவந்த கோப்பை இன்னும் திறக்கக்கூட இல்லை.

நேரம் போனது. திடீரென்று சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. மேடம் சட்டென்று எழுந்து நின்றார். கிளம்பிவிட்டார் போல என்று பேராசிரியரும் கூடவே எழுந்தார்.

அந்தச் சமயம் மாணவன் வந்தான். பெரியவர் சொல்லலாம் என்று சம்மதித்ததை மட்டும் சொல்வதாகச் சொல்லிவிட்டுத் தொடங்கினான். அவருக்குச் சில மாதங்களாகச் சிறுநீர் போவதில் சிரமம். சில நேரம் அடக்க முடியாமல் துணி நனைந்துவிடுகிறது. அவர் வளர்ந்த இடத்தில் ஆண்கள் இதையெல்லாம் பெண்கள் காதில் விழும்படி பேசுவதில்லை. அதனால் யாரிடமும் சொல்லாமல் தண்ணீரைக் குறைத்தார், சாப்பாட்டைக் குறைத்தார், அறையைவிட்டு வெளியே வருவதையும் நிறுத்திவிட்டார்.

பேராசிரியருக்கு மூச்சு வந்தது. பிள்ளைகள் காப்பாற்றிவிட்டார்கள். மேடத்தின் காதில் விழட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தியே பேசினார்.

“இந்த வயசுல நிறைய பேருக்கு வர்றதுதான். டாக்டர் பார்த்து உறுதி பண்ணணும். பெரும்பாலும் மருந்துலயே சரியாயிடும்.”

“மருந்துலயே சரியாயிடுமா?” என்று கேட்டார் மேடம். சற்றுப் பொறுத்து அதையே மறுபடியும் கேட்டார். சோதிக்கிறார் என்று நினைத்துப் பேராசிரியர் இரண்டு தடவையும் அழுத்தமாகத் தலையாட்டினார்.

மாணவன் தயங்கிவிட்டுச் சொன்னான். “கடைசியா இன்னொண்ணு சொன்னார் மேடம். ‘எம் பொண்ணு சமைக்கிறது பிடிக்காமத்தான் நான் பட்டினி கிடக்கிறேன்னு அது மனசுக்குள்ள புழுங்கிட்டு இருக்கு. நீங்களே அதுகிட்ட சொல்லிடுங்க தம்பி, எனக்கு வாய் வராது’ன்னார்.”

பேராசிரியர் சொக்கிப்போனார். “என்ன ஒரு நடிப்பு. எந்த நாடகக் குழு மேடம் இவர்?”

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் நிதானமாகத் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

“உங்க திட்டத்தை முழுசாப் படிச்சுட்டு, போன வாரமே நிதி உத்தரவுல கையெழுத்துப் போட்டாச்சு சார். இன்னிக்கு நான் லீவு” என்றவர், மாணவன் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீங்க சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிட்டீங்க. அந்தப் பொண்ணு நான்தான்.”