அக்ஸோரியஸ்

பெண் பார்க்கத் தனியாக வந்திருந்த ரிஷிவந்தை, கூடத்துச் சுவரிலிருந்த குணங்காட்டிக் கருவி உற்றுப் பார்த்தது. ஆள் இன்றைக்கு எப்படியோ, அதை ஒரே ஆங்கில வார்த்தையில் சொல்லிவிடும். ஆருடமெல்லாம் சொல்லாது.

"அக்ஸோரியஸ்" என்றது.

"ஐயையோ, தொத்து வியாதியா?" பதறினார் பெண்ணின் அப்பா தணிகாசலம்.

"அர்த்தம் சொல்லு" என்றாள் மகள் நிலானி.

"மனைவியிடம் மிதமிஞ்சிய பிரியம் உள்ளவர். வேறு சொற்கள்: பெண்டாட்டிதாசன், முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிபவர்."

"அடடே, தங்கமான மாப்பிள்ளை!" தணிகாசலம் கேசரித் தட்டை நீட்டினார். ரிஷிவந்துக்கு ஏனோ வியர்த்தது.

நிலானி தட்டைத் தடுத்தாள்.

"இருங்கப்பா. இவருக்கு இன்னும் கல்யாணமே ஆகலைன்னாங்களே. அப்ப எந்தப் பொண்டாட்டி மேல பிரியம்?"

தணிகாசலம் திரும்பினார். நாற்காலி காலி. வாசலில் மாப்பிள்ளையின் செருப்பு மட்டும் இருந்தது.