அம்சத்துக்குப் போட்ட நாற்காலி

ஊர் சுகாதார நிலையம் இனிமேல் சாயங்காலமும் திறந்திருக்கும் என்று சர்க்கார் உத்தரவு போட்டது. தஞ்சாவூர் டாக்டரம்மாவின் ஆராய்ச்சியைப் படித்துவிட்டுப் போட்ட உத்தரவாம். மந்திரி வந்த மேடையில் அம்சத்துக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கீழே தரையில் உட்கார்ந்திருந்த அவள் ஓரகத்தி வேம்புக்கு வயிறு எரிந்தது.

“ரெண்டு பேரும் ஒரே வயல்லதானே நாத்து நடுறோம்? டாக்டரம்மா அவ வீட்டுலயே உக்காந்து எழுதினாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல” என்று பக்கத்தில் இருந்தவளிடம் பொருமினாள்.

கூட்டம் முடிந்ததும் நேரே டாக்டரம்மாவிடமே போனாள்.

“அவளுக்கு என்னங்க தெரியும்? அவ புள்ளைங்க மூணும் கல்லு மாதிரி இருக்கு. எங்கிட்டல்ல கேட்டிருக்கணும்?”

“நீங்கதான் வேம்பா?” என்றார் டாக்டர். “முதல்ல உங்ககிட்ட கேக்கத்தாம்மா வந்தேன். அம்சம் வழியிலயே மறிச்சுட்டாங்க. ‘வேம்பு நடவு முடிஞ்சு சாயங்காலம் கரையேறி, காய்ச்சல்ல கெடந்த புள்ளையத் தூக்கிட்டு ஓடினா. ஆஸ்பத்திரி பூட்டிக் கெடந்துச்சு. அந்த வாசல்லயே புள்ள போயிடுச்சு. அதை அவ வாயால திரும்பச் சொல்ல வைக்காதீங்க, நான் சொல்றேன்’னாங்க.”

வேம்பு திரும்பிப் பார்த்தாள். மேடையில் கொடுத்த மிக்சர் பொட்டலத்தைப் பிரிக்காமல், அவளுக்காகக் காத்து நின்றாள் அம்சம்.

வேம்பு கிட்டே போய்ப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

“வாக்கா, வீட்டுக்குப் போவோம்.”