மூன்றாவது பீப்பாய்

"அம்மா, இன்னைக்கு ஒரு நாளாவது வாயைத் திறக்காம இரு. இல்லே, நீ நிலவறைப் பக்கமே வராதே!"

நீவெஸ் சொன்னதில் நியாயம் இருந்தது. ஊரே சொல்லிச் சிரிக்கிற விஷயம்தான் அது.

அப்பா தேலியோ ஒயின் கிளாஸை மூக்கருகே கொண்டுபோவார். அவர் ஒரு வார்த்தை பேசுவதற்குள் அம்மா எர்சிலியா முந்திக்கொள்வாள். "ஆகா, ப்ளம்ஸ் பழ வாசனை!" என்பாள். இல்லாவிட்டால், "சீ, அழுகின முட்டை!" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவும் அதையேதான் சொல்வார்.

போன வருஷம் டூரின் வியாபாரி ஒல்மோ எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டார்.

"என்ன தேலியோ, இந்த வீட்ல ஒயின் போடறது நீயா, உன் பொண்டாட்டியா?"

அப்பா சிரித்து மழுப்பினார். நீவெஸுக்குத்தான் அவமானம் பிடுங்கித் தின்றது. நாலு குன்று தாண்டியும் பேர் போன மூக்கு அப்பாவுடையது. கட்டின பெண்டாட்டியே அதைக் கேலிப்பொருளாக்கினால் எப்படி?

"சரிடி, நான் அடுப்படியிலேயே கிடக்கறேன்" என்றாள் எர்சிலியா. "ஆனா அப்பா பக்கத்துல யாராவது..."

"யாரும் வேணாம். அவர் நிம்மதியா முகரட்டும்."

அன்று பீப்பாய் பொறுக்கும் நாள். ஐந்து பீப்பாய் பார்பெரா சிவப்பு ஒயின். தேறியதை எல்லாம் ஒன்றாகக் கலந்து, ஈஸ்டருக்கு முந்தின தேய்பிறையில் பாட்டிலில் அடைத்துக் குடும்பப் பெயரை ஒட்டுவார்கள். கெட்டது ஒன்று உள்ளே புகுந்தால் போதும், வருஷத்து உழைப்பு மொத்தமும் பாழ். வீட்டுக்காரர் தீர்ப்பு சொன்ன பிறகுதான் விருந்தாளி கிளாஸைத் தொடுவது அந்தப் பக்கத்து மரியாதை. ஒல்மோ கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பாதி சரக்கை வாங்குகிறவர் அவர். அப்பாவின் மூக்கை நம்பித்தான் வாங்குகிறார்.

முதல் இரண்டுக்கும் அப்பா "தேவலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். ஒல்மோவும் குடித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

மூன்றாவது பீப்பாயிலிருந்து நீவெஸ்தான் கண்ணாடிக் குழாயால் இழுத்து ஊற்றினாள். ஊற்றும்போதே குப்பென்று அடித்தது. பூஞ்சை வாடை. அவள் மூக்கைச் சுளித்தாள்.

அப்பா சுளிக்கவில்லை. நெடுநேரம் முகர்ந்தார். சுற்றிலும் பார்த்தார்.

"உங்கம்மா எங்கே?"

"நான்தான் வர வேணாம்னேன். நீங்க நிதானமா பாருங்கப்பா."

அப்பா கிளாஸை ஒரு சுழற்று சுழற்றினார். மறுபடி முகர்ந்தார். "இது நல்..." என்று ஆரம்பித்தார். நீவெஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அந்த நேரம் பார்த்து நிலவறை ஜன்னல் வழியாக ஒரு கத்தல்.

"அடியே நீவெஸ்! யாருடி அங்கே ஈரச் சாக்கைப் போட்டு வெச்சது? பூஞ்சை வாடை அடுப்படி வரைக்கும் தூக்குது!"

அப்பா நிமிர்ந்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"பூஞ்சை" என்றார், நீதிபதி மாதிரி. "மரம் கெட்டிருக்கு. இது பாட்டிலுக்குப் போகாது."

ஒல்மோ எடுத்து முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மூக்குன்னா இதுதான்யா மூக்கு! ஆனா உன் வீட்டம்மா வாய்க்குத்தான் ஒரு தக்கை அடிக்கணும்."

ரொட்டி எடுத்து வருகிற சாக்கில் நீவெஸ் மேலே ஓடினாள். எர்சிலியா ஒன்றும் நடக்காதவள் போல் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஒரு நாள் பொறுக்க முடியாதா உன்னால? ..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நின்றாள். "இரு. நடுவுல முற்றமே இருக்கு. அந்த வாடை இங்கே எப்படி வரும்?"

"வரலை. விடியறதுக்கு முன்னாலேயே போய் அஞ்சையும் முகர்ந்து பார்த்துட்டேன். அப்புறம் நிலவறை ஜன்னலோரமா ஒளிஞ்சு நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

"எதுக்கு?"

எர்சிலியா கையிலிருந்த மாவைத் தட்டினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கப்பாவுக்கு வாசனையே தெரியாதுடி. ரெண்டு வருஷம் முன்னே வந்த காய்ச்சலோட போச்சு. பால் பொங்கித் தீஞ்சு வீடே நாறுது, மனுஷன் பக்கத்துல உட்கார்ந்து பேப்பர் படிக்கறார். அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டேன்."

நீவெஸ் அம்மாவின் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ நீ முந்திக்கிட்டுப் பேசினதெல்லாம்..."

"எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா மனசு உடைஞ்சுபோயிடுவார். நான் வாயாடியாவே இருந்துட்டுப் போறேன், எனக்கென்ன குறைஞ்சுபோச்சு? சும்மா நிக்காதே, போ. நாலாவது செர்ரி. அஞ்சாவது மிளகு. அவருக்கு முன்னாடி நீ முந்திக்கோ!"

நீவெஸ் ரொட்டித் தட்டோடு இறங்கினாள். நாலாவது பீப்பாய். அப்பா கிளாஸை உயர்த்தினார்.

"ஆகா, செர்ரிப் பழம்!" என்று கத்தினாள் நீவெஸ்.

ஒல்மோ தொடையைத் தட்டிச் சிரித்தார். "போச்சுடா! பொண்ணும் அம்மா மாதிரியே ஆயாச்சா?"

"செர்ரிதான்" என்றார் அப்பா கம்பீரமாக.

ஒல்மோ கிளாஸுக்குள் மூக்கை நுழைத்த நேரம், அப்பா நீவெஸின் காதோரம் குனிந்தார்.

"அஞ்சாவதையும் இதே மாதிரி சத்தமா சொல்லிடு கண்ணு. ஆனா எனக்கு எல்லாம் தெரியும்னு உங்கம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாதே. பாவம், மனசு உடைஞ்சுபோயிடுவா."