ரிலீஸ்

"எடுத்துக்கங்க சார், ரெண்டா எடுத்துக்கங்க. எங்க பொண்ணு ரிலீஸ்!"

சாக்லேட் டப்பாவை நீட்டிக்கொண்டு நின்றவரைப் பார்த்த கோச்சுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

டயர் கம்பெனி ஒன்று நடத்தும் கால்பந்து அகாடமி அது. அங்கே ரிலீஸ் என்றால், அடுத்த வருஷம் உனக்கு இடமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். 'நீக்கம்' என்று எழுதினால் மனசு புண்படுமாம். தலைமை அலுவலகத்து நாகரிகம். நாற்பது பெண்களில் பதினெட்டுப் பேரை வைத்துக்கொண்டு, மீதிப் பேர் கையில் நேற்றுக் கடிதத்தைக் கொடுத்தார்கள். இன்று அவர்கள் ஜெர்சியையும் பூட்ஸையும் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள்.

வராந்தா முழுக்க அழுத முகங்கள். நடுவில் இவர் மட்டும் கல்யாண வீட்டு மாமா மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். பதினோராம் நம்பர் ஜெர்சிக்காரியின் அப்பா. சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர்.

"கடிதத்தைப் படிச்சீங்களா?" என்றார் கோச் மெதுவாக.

"பொண்ணே படிச்சுச் சொல்லிட்டா சார். ரிலீஸ்னு போட்டிருக்கு, பெரிய டீம்ல சேர்த்துட்டாங்கன்னு. எங்க தியேட்டர்ல ரிலீஸ்னா சும்மாவா? வாசல்ல கூட்டத்தைத் தள்ளித் தள்ளியே கை ஓஞ்சுடும்!"

ஸ்டோர்கீப்பர் வாயைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் எதையோ தேடினார்.

"இந்தாங்க, பழைய ஜெர்சி. புதுசு எப்ப சார் குடுப்பீங்க?"

"அது வந்து... பெரிய டீம்ல இடம்..."

"எந்தப் பக்கம் சார்? வலதா, இடதா? அவளுக்கு இடது கால்தான் பலம்."

வரிசையில் நின்ற ஓர் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "எங்க பொண்ணுங்க எல்லாம் அழுதுக்கிட்டு நிக்குதுங்க. உங்களுக்குக் கொஞ்சமாவது இங்கிதம் இருக்கா?"

"உங்க பொண்ணும் நல்லா வருவாம்மா. ஒண்ணு எடுத்துக்கங்க."

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோச் அந்தப் பெண்ணைத் தேடினார். வராந்தா முனையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கே அர்த்தம் தெரியாமல் சொன்னாளா, தெரிந்தே புளுகினாளா? யார் மேல் கோபப்படுவதென்றே கோச்சுக்கு விளங்கவில்லை.

போட்டு உடைத்துவிடலாம் என்றால் பயமாக இருந்தது. போன வருஷம் ஒரு மேட்சில் அவளுக்குக் கணுக்கால் பிசகியது. அவள் நொண்டிக்கொண்டே எழுந்து நின்றாள். கேலரியில் இருந்த அப்பாதான் மயங்கி விழுந்தார். நொண்டிக்கொண்டே ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்து அவரை எழுப்பியதும் அவள்தான்.

அதற்குள் கம்பெனியின் விளம்பரப் பிரிவு மேடம் கேமராவும் கையுமாக வந்து சேர்ந்தாள்.

"கோச், ஊருக்கு நாம என்ன செஞ்சோம்னு ஆண்டு மலர்ல போட ஒரு படம் வேணும். காலையிலேர்ந்து தேடுறேன், சிரிச்ச முகமா இவர் ஒருத்தர்தான் கிடைச்சார். சார், அந்த போர்டுக்குக் கீழ நில்லுங்க."

அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜம்மென்று நின்றார். தலைக்கு மேலே போர்டு: 'உங்கள் பிள்ளை, எங்கள் பிள்ளை.'

கோச் போர்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தப் படம் அச்சாகி, இவர் அதைத் தியேட்டர் முழுக்கக் காட்டி, அப்புறம் எவனாவது சிரித்துக்கொண்டே அர்த்தம் சொன்னால் என்ன ஆவது?

"மேடம், ஒரு நிமிஷம்." அப்பாவின் கையைப் பிடித்துத் தன் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"உட்காருங்க. தண்ணி குடிங்க."

"எதுக்கு சார்?"

"முதல்ல குடிங்க."

குடித்தார்.

"தப்பா நினைக்காதீங்க. இங்க ரிலீஸ்னா படம் வர்றது இல்லைங்க. ஓடிக்கிட்டிருக்கிற படத்தைத் தூக்குவாங்களே, அது."

விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஒரு கையை நீட்டிக்கொண்டேதான் சொன்னார்.

அவர் விழவில்லை. டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரியும் சார்."

"தெரியுமா? அப்புறம் எதுக்குங்க இந்தக் கூத்து?"

"காலையில அவ குளிக்கப் போனப்ப கடுதாசியை எடுத்துப் படிச்சேன். முதல் வார்த்தையே 'வருந்துகிறோம்'. நான் தாங்க மாட்டேன்னு மாத்திச் சொல்லியிருக்கா. சொல்லிட்டு எவ்வளவு கஷ்டப்பட்டுச் சிரிச்சா தெரியுமா?"

"அவகிட்டயே பேசியிருக்கலாமே? ரெண்டு பேரும் சேர்ந்து அழுது தீர்த்திருக்கலாம்."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சா, தன் கஷ்டத்தை விட்டுட்டு எனக்கு ஆறுதல் சொல்ல உட்கார்ந்துடுவா சார். இன்னிக்காவது அவளைத் தனியா கொஞ்சம் அழ விடணும். நான் சந்தோஷமா இருந்தாத்தான் அவளால அழ முடியும்."

யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பது கோச்சுக்குப் பிடிபடச் சற்று நேரமானது. கையில் இருந்த சாக்லேட் உருகி விரலெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"அதை வாயில போட்டுக்கிட்டுக் கொஞ்சம் சிரிங்க சார். ஜன்னலுக்கு வெளியே நின்னு நம்மளையே பார்த்துக்கிட்டிருக்கா."