தூளிக்குத் தடை

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுங்களா, இனிமேல் நடக்கப்போகிற கதை ஒன்று சொல்கிறேன்.

மதுரையில் ஒரு மாடிவீடு. யாருமே உணராத சின்ன நிலநடுக்கம் ஒன்றைச் சுவரிலிருந்த கருவி பதிவுசெய்துகொண்டது. "நாளை வரை மேற்கூரையில் எதையும் தொங்கவிடக் கூடாது" என்று சொல்லி, தூளி கட்டும் கொக்கியைக் கூரைக்குள் இழுத்துக்கொண்டது. அந்த வீட்டுச் சுடர்விழியின் கைக்குழந்தைக்கோ காய்ச்சல். தூளி இல்லாமல் கண்ணை மூடாது. அழுது அழுது குரலே கம்மிவிட்டது.

"ஏங்க, சேலையோட அந்த முனையைப் பிடிங்க."

"நான் என்ன கொக்கியா?" என்றாலும் அவள் புருஷன் மாறன் பிடித்தான். இருவரும் நின்றபடியே ஆட்ட, பிள்ளை ஒருவழியாகக் கண்ணயர்ந்தது. அதற்குள் அவர்களுக்குக் கை கடுத்து, கால்வரை வெடவெடத்தது.

"மீண்டும் நடுக்கம் பதிவாகியுள்ளது. தடை இன்னும் ஒரு நாள்" என்றது கருவி.

"ஏய், அது நம்ம கால் நடுங்குறதுடி."

"தெரியுது. முனையை விட்டுடாதீங்க."

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் காய்ச்சல் அண்டாமல் நிம்மதியாகத் தூங்கட்டும், மக்களே.