பலா மரத்து வளைவு

"கண்ணைத் திற புள்ள! நீ மூடினா பள்ளம் எழும்பிப் போயிருமா?"

கைரியா போட்ட சத்தத்தில் பஸ்ஸில் இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். பக்கத்தில் யன்னலோரம் இருந்த லோஜினி சிரிக்கவில்லை. முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி, வலது காலால் தரைப் பலகையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க மிதிச்சா பஸ் நிக்குமா? அது டிரைவர்ட வேலை. நீ சும்மா இரி."

தெல்தோட்டையிலிருந்து கண்டிக்குப் போகும் காலை பஸ். தான் தைத்த சின்னப் பிள்ளைகளின் சட்டைகளைக் கண்டிக் கடைகளுக்குக் கொடுக்க, வாரத்தில் இரண்டு மூன்று தடவை போவாள் கைரியா. போகும்போதெல்லாம் இந்தப் பெண்ணும் இருப்பாள். மலையைச் சுற்றி இறங்கும் பாதையில் பலா மரத்து வளைவு நெருங்க நெருங்க, இவள் முகம் வெளுத்துக்கொண்டே வரும். முதல் நாள், வளைவுக்கு முன்னாலேயே மணியடித்து இறங்கி ஓடிவிட்டாள்.

கேட்டுக் கேட்டுத்தான் ஒருநாள் சொன்னாள்.

"எங்கப்பா தேயிலக் கொழுந்து ஏத்துற லொறி ஓட்டுனாரு, ராத்தா. அந்த எடத்துலதான் லொறி கீழ போச்சு. நானும் பக்கத்துல இருந்தேன். நான் பொழைச்சேன்... அவரு இல்ல."

கைரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி சாயுறப்ப கண்ண மூடிட்டேன். அப்புறம் அந்த எடத்த நான் பார்த்ததே இல்ல. கனவுல வரும். ஆனா அங்க ஒண்ணுமே இருக்காது. வெறும் இருட்டு."

கைரியாவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தைக்கத்தான் தெரியும்.

"மெசின் ஊசி எனக்கு ஒருக்கா விரல்ல ஏறிட்டுது. பொறகு மெசின் பக்கம் போகவே பயம். கடைசில ஊசியையே உத்துப் பார்த்துப் பார்த்துத்தான் திரும்பத் தைச்சேன். நீயும் பாரு. பார்த்ததை வாயால செல்லு. ஒரு பயணத்துக்கு ஒண்டு போதும்."

அன்று "பலா மரம்" என்று சொல்லிவிட்டுப் பட்டென்று மூடிக்கொண்டாள். அடுத்த தடவை, "மதகு." கண்டக்டர் சுரேஸுக்கு இது நல்ல விளையாட்டாகப் போய்விட்டது. "பலாக்காய் பழுத்திருச்சான்னு பார்த்துச் சொல்லுங்க!" என்பான். ஆனால் அவளிடம் மட்டும் டிக்கட் காசு கேட்க மாட்டான்.

"என்ன தம்பி, அந்தப் புள்ளைக்கு மட்டும் ஓசியா?"

"பாத பழகுற வரைக்கும் காசு வாங்க வேணாம்னு மொதலாளி சொல்லியிருக்காரு, ராத்தா." அசடு வழிவான். சரிதான், இது கலியாணத்தில் முடியப் போகிற விசயம் என்று கைரியா மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

இன்றைக்கு வளைவு வந்தது. ஹோர்ன் அலறியது. லோஜினி கண்ணைத் திறந்தாள்.

"பலா மரம்... மதகு... ஒடைஞ்ச கட்டு..."

வழக்கமாக அந்தப் பாதையோரத் தடுப்புச் சுவரோடு நின்றுவிடும். இன்றைக்கு நிற்கவில்லை. யன்னல் பக்கம் சாய்ந்து, நேராகக் கீழே பார்த்தாள்.

"ராத்தா... கீழ ஒரு வீடு இருக்கு!"

"வீடா?"

"கொடியில உடுப்பு காயுது. நீலச் சட்ட ஒண்ணு. ஒரு அம்மா கோழிக்கு எரை போடுது, ராத்தா!"

கைரியாவும் எட்டிப் பார்த்தாள். வருசக்கணக்காக இந்தப் பாதையில் போய் வருகிறாள். இன்றுவரை இதைக் கண்டதில்லை. பனி விலகிய பள்ளத்தின் அடியில், உள்ளங்கை அளவில் ஒரு தகரக் கூரை வெயிலில் மின்னியது. பக்கத்தில் புகை. எல்லோரும் பார்க்கப் பயந்து முகம் திருப்பும் அந்த இடத்தில் யாரோ துவைத்து, காயப்போட்டு, கோழி வளர்த்து வாழ்கிறார்கள்.

"இத்தன நாளா அங்க இருட்டுதான் இருக்குன்னு நெனைச்சிட்டேனே," என்றாள் லோஜினி.

கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கைரியா கேட்டாள்: "பின்னேரம் இதே பஸ்லதானே வருவாய்?"

"இதே பஸ்தான், ராத்தா."

"திரும்பி வரக்குள்ள பள்ளம் டிரைவர் பக்கம். அந்தப் பக்கமே யன்னல் சீட் பிடிச்சு வெக்கிறேன். பயப்படாம வா."

"பயம் இருக்கத்தான் செய்யுது. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

பின்னேரம் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பின் கதவால் முண்டியடித்து ஏறிய கைரியா, பின்பக்கம் வலது புறத்தில் இரண்டு சீட்டைப் பிடித்து, யன்னல் சீட்டில் பையை வைத்தாள்.

"ஆள் வருது!" என்று கேட்டவர்களையெல்லாம் விரட்டினாள்.

"பேராதனையும் தாண்டியாச்சு. இன்னுமா ஆள் வருது?" என்றார் ஒருவர். "பைக்கு டிக்கட் எடுத்தீங்களா?"

கைரியா பையை மடியில் எடுத்துக்கொண்டு யன்னலோரம் நகர்ந்தாள். வரவில்லை. பயந்துவிட்டாள். பள்ளம் டிரைவர் பக்கம் என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னோமே என்று மனம் அடித்துக்கொண்டது.

பஸ் முக்கி முனகி மலையேறியது. நின்றவர்களின் முதுகுகள் முன்பக்கத்தை முழுக்க மறைத்தன. பலா மரத்து வளைவு நெருங்கியபோது, இத்தனை வருசத்தில் முதல்முறையாக கைரியா முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹோர்ன் ஒலித்தது. அதன் பின்னால், கூட்டத்தைத் தாண்டி, பழகிய ஒரு குரல் நிதானமாக வந்தது.

"பலா மரம்."

"மதகு."

"ஒடைஞ்ச கட்டு."

கைரியா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். கீழே அந்தச் சின்ன வீட்டில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். தொட்டில் ஆடுவதுபோல பஸ் வளைவைத் திரும்பி முடித்தது.

"வந்திருக்காளா! எங்க இருக்கா?" என்று எழும்பி, முன்னால் நின்றவர்களின் தோள்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள்.

லோஜினியின் கைகள் இரண்டும் ஸ்டியரிங்கில் இருந்தன. அவள் வலது கால், மிதித்தால் பஸ் நிற்கும் இடத்தில் இருந்தது.