இரண்டு முழக் கயிறு

இன்ஸ்பெக்டர் அந்தக் கயிற்றை என் மேசையில்தான் வைத்தார். இத்தனை மேசை இருக்க, என்னுடையதுதான் கிடைத்தது அவருக்கு.

இரண்டு முழம் இருக்கும். அதைக் கழுத்திலிருந்து அவிழ்த்து இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை.

"இது யாரோட கைவேலை?"

நீராவி எஞ்சினை நிறுத்தி வைத்திருந்தார்கள். அது வந்த இரண்டு வருஷத்தில் பகலில் நிறுத்தினது அன்றைக்குத்தான். கொட்டகையில் முப்பது பெண்கள் இருந்தோம். வாயாடிகள் என்று ஊரே பெயர் வைத்த கூட்டம். அத்தனை பேரும் கையிலிருந்த நூலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

கயிறு முறுக்கி முடிந்ததும் முனை பிரியாமல் நூல் சுற்றிக் கட்டுவது எங்கள் வேலை. கட்டைப் பார்த்தே கட்டின ஆளைச் சொல்லிவிடலாம். ஆனால் இங்கிருந்து போகிற கயிறெல்லாம் நூறு முழம், இருநூறு முழம். இரண்டு முழத் துண்டுக்கு இரண்டு முனையும் கட்டி நான் பார்த்ததே இல்லை. யாரோ வேண்டுமென்றே செய்தது. எதற்கென்றுதான் இப்போது தெரிகிறதே!

சுருக்குக்காரன். அப்படித்தான் ஊரில் பெயர். இது ஐந்தாவது கொலை.

அவனுக்கு நிழல் விழாதாம். சாக்கடை வழியாக வருவானாம். ஆளுக்கொரு கதை. எல்லாக் கதையிலும் ஒன்று மட்டும் மாறாது: துணையோடு போகிறவளை அவன் தொடமாட்டான்.

அதனால் வேலை முடிகிற நேரத்துக்கு ஆலை வாசலில் புருஷன்மார் கூட்டம். முதல் ஆளாக நிற்பவர் என் வீட்டுக்காரர். நேற்று ஒருநாள்தான் பிந்தி வந்தார். அதற்கே வழி நெடுக அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"குடுத்து வெச்சவடி நீ" என்று பூனைக்கண்ணி தினமும் கேலி செய்வாள். என் பக்கத்து முக்காலிக்காரி. புருஷன் இல்லாதவள். நேற்று மத்தியானம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னதும் தனியாகவே கிளம்பிவிட்டாள். சாயங்காலம் கால்வாய்க் கரையில் கிடந்தாள்.

அந்த முக்காலியைப் பார்க்காமல் குனிந்து கயிற்றைப் பார்த்தேன். நூல் இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

புரட்டி மறுமுனையையும் பார்த்தேன். அதுவும் இடப்பக்கம்தான்.

இங்கே எல்லோரும் வலப்பக்கம்தான் சுற்றுவார்கள். எங்கள் அம்மா இடதுகைக்காரி. அவளிடம் தொழில் கற்றதால் இடப்பக்கம் சுற்றுகிறவர்கள் இந்த ஆலையிலேயே இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று என் தம்பி.

நான் இதைக் கட்டவில்லை.

தம்பி எனக்குப் பின்னால், மூட்டை தூக்குகிற ஆண்களோடு சுவரோரம் நின்றிருந்தான். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. நேற்று தலைவலி என்று மத்தியானமே போனவன். வீட்டில்தான் படுத்திருந்தேன் என்றான். யார் கண்டது?

அம்மா சாகும்போது அவனுக்குப் பத்து வயது. என்னைக் கட்டிக்கொண்ட மனுஷன் அவனையும் சேர்த்துத்தான் கூட்டிப்போனார். அத்தான் அத்தான் என்று அவரையே சுற்றி வளர்ந்த பிள்ளை. ஒரு கோழியை அறுக்கச் சொன்னால் ஓடிப்போய் ஒளிந்துகொள்வான். அவனா? ஐயோ, அவனா?

அவனுக்காகப் பயமா, அவனை நினைத்தே பயமா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தூக்கு மேடை மட்டும் கண் முன்னால் நின்றது.

மேஸ்திரி என்னையே பார்த்தார். அவருக்குத் தெரியாத கட்டா?

"என்னுதுங்க. விறகு கட்ட நானே செஞ்சது. போன வாரம் கால்வாய்ப் பக்கம் தொலைச்சிட்டேன்."

பொய் இவ்வளவு சரளமாக எனக்கு வரும் என்று அதுவரை தெரியாது.

இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேஸ்திரி குறுக்கே வந்து, இவள் பொய் சொல்கிற பெண் இல்லை என்றார். பாவி மனுஷன், பதினைந்து வருஷத்தில் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்குப் பார்த்துச் சொன்னார்.

தொலைந்த கயிறு, எவன் கையிலோ கிடைத்தது என்று எழுதிக்கொண்டு இன்ஸ்பெக்டர் குதிரை ஏறினார். இனி அந்தக் கட்டைப் பற்றி யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள்.

எஞ்சின் மறுபடி இரைய ஆரம்பித்தது. தம்பி சணல் மூட்டையை முதுகில் வைத்தபடியே என் காதருகே குனிந்தான்.

"ஏன்க்கா உன்னுதுன்னு சொன்ன? நான் சொல்ல வாயெடுத்தேன், நீ முந்திக்கிட்ட. அது அத்தான் கேட்டாருன்னு நான் கட்டிக் குடுத்தது. உன்கிட்ட சொல்ல வேணாம்னார்."

அவன் முகத்தில் கள்ளமே இல்லை. மேஸ்திரி அதட்டின குரலுக்கு மூட்டையோடு ஓடினான்.

நான் நூலைக் கையில் எடுத்தேன். எந்தப் பக்கம் சுற்றுவது என்று மறந்துபோயிற்று.

மணி அடித்தது. ஆண்களுக்கு இன்னும் ஒரு மணி நேர வேலை உண்டு. பெண்கள் மட்டும் முண்டியடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். நானும் அந்தக் கூட்டத்தோடு போனேன்.

இன்றைக்கு அவர் பிந்தவில்லை. முதல் ஆளாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துக் கையை உயர்த்தினார்.

என் கால் நகரவில்லை. பின்னால் வந்தவள் முதுகில் கை வைத்துச் செல்லமாகத் தள்ளினாள்.

"போடி, குடுத்து வெச்சவளே."